பைத்தியமா வேஷமா? எதிரில் நிற்பது யார் என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடக விழாவில் எனக்கு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வேடம். தமிழில், ஐம்பது நிமிடச் சுருக்கம். இயக்கும் பேராசிரியர், “அவன் நிஜமாகவே புத்தி பேதலித்தவன், அப்படியே நடி” என்கிறார். கூட நடிக்கும் நண்பர்கள், “அத்தனையும் வேஷம்” என்கிறார்கள். ஒத்திகை பார்க்க வந்த என் தம்பியோ, “அப்பாவைக் கொன்றது யார் என்று ஆவியே வந்து சொல்லிவிட்டதே, அப்புறம் ஏன் இழுக்கிறான்?” என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: முதல் வேலையாக, தம்பியை அடுத்த ஒத்திகைக்கும் கூட்டி வாருங்கள். உங்கள் குழுவில் கதையைக் கதையாகப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

அவர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஹாம்லெட்டின் சித்தப்பா, இப்போது ராஜாவாக இருக்கும் கிளாடியஸ்தான் கொலைகாரன் என்று நமக்குத் தெரியும். மூன்றாம் அங்கத்தில் தனியாக இருக்கும்போது அவனே ஒப்புக்கொள்கிறான். அந்த வாக்குமூலம் ஹாம்லெட்டின் காதில் விழவில்லை. அவன் கையில் இருப்பது ஓர் ஆவியின் வார்த்தை மட்டும். அவன் படித்த ஊரோ விட்டன்பர்க், 1517-இல் மார்ட்டின் லூதர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராகக் கலகத்தைத் தொடங்கிய இடம். அந்த வழியில் வந்தவர்களுக்கு, செத்தவர்கள் பாவம் தீர வேகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற ஒன்றே கிடையாது. இந்த ஆவி பகலெல்லாம் நெருப்பில் வெந்து பாவம் தீர்ப்பதாகச் சொல்கிறது. அப்படியானால் வந்தது அப்பாவா, அப்பா உருவத்தில் வந்த சாத்தானா? 1600 வாக்கில் லண்டன் குளோப் அரங்கின் முற்றத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை யாரும் விளக்கியிருக்க வேண்டாம்.

சாட்சி தேடித்தான் நாடகக்காரர்களைப் பிடிக்கிறான். ஆவி சொன்னது போலவே, தோட்டத்தில் தூங்கும் ராஜாவின் காதில் விஷம் ஊற்றும் காட்சியைச் சித்தப்பா முன் நடிக்க வைக்கிறான். சித்தப்பா பாதியில் எழுந்து போகிறார். மாட்டிக்கொண்டார் என்று தோன்றும். ஆனால் அந்த உள்நாடகத்தில் விஷம் ஊற்றுகிறவன் யார் என்று பாருங்கள். ராஜாவின் தம்பி இல்லை, மகன் முறை உள்ளவன். ஹாம்லெட்டே அதைச் சபைக்கு அறிவிக்கிறான். (ஆங்கிலத்தில் அண்ணன் மகனுக்கும் அக்காள் மகனுக்கும் ஒரே சொல். தமிழில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். ‘அண்ணன் மகன்’ என்றே வையுங்கள். கிளாடியஸுக்கு ஹாம்லெட் அந்த முறைதான்.) அரண்மனை கண்டது என்ன? புத்தி சரியில்லாத இளவரசன், ‘உன்னைக் கொல்லப் போகிறேன்’ என்று ராஜாவை எல்லார் முன்னாலும் மிரட்டியது. ராஜா எழுந்து போனது குற்ற உணர்ச்சியாலா, உயிர்ப் பயத்தாலா? இந்தக் காட்சியை உங்கள் சுருக்கத்தில் வெட்டியிருந்தால் தயவுசெய்து திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் தம்பியின் கேள்விக்கு மேடையில் பதிலே இருக்காது.

அதற்கப்புறம், கிளாடியஸ் தனியாக ஜெபிக்கும் காட்சியில்தான் பெரும்பாலான நடிகர்கள் கைநடுக்கம் காட்டுகிறார்கள். அங்கே ஹாம்லெட் என்ன வசனம் பேசுகிறான்? ஜெபிக்கும்போது கொன்றால் சொர்க்கம் போய்விடுவான். குடியிலோ கோபத்திலோ படுக்கையிலோ இருக்கும்போது கொன்று நரகத்துக்கே அனுப்ப வேண்டும் என்கிறான். இரக்கப்பட்டவன் பேசுகிற பேச்சா இது? உயிரோடு ஆன்மாவையும் சேர்த்துக் கேட்கிற பழிவெறி. அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, வார்த்தை மேலே போகிறது, நினைப்பு கீழேயே கிடக்கிறது என்கிறான். ஜெபமே பலிக்கவில்லை. அந்த நொடியில் குத்தியிருந்தால் ஹாம்லெட் கேட்ட கணக்கே தீர்ந்திருக்கும்.

சில நிமிடங்களிலேயே அம்மாவின் அறைத் திரைக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது. யார் என்றுகூடப் பார்க்காமல் குத்திவிடுகிறான். செத்தது ராஜாவின் அமைச்சர் பொலோனியஸ். பிறகு, தன் தலையை வாங்கக் கிளாடியஸ் கொடுத்தனுப்பிய கடிதத்தைத் திருத்தி எழுதி, கூடப் படித்த ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் இருவரையே சாவுக்கு அனுப்புகிறான். கடற்கொள்ளைக்காரர் கப்பலுக்குத் தனியாளாகத் தாவுகிறான். விலையுயர்ந்த ஜாடியில் ஓக் மரத்தை நட்டால் ஜாடி உடைவது போல என்று ஜெர்மன் கவிஞர் கதே சொன்ன மெல்லிய மனத்துக்காரன் இவன்தானா? அதிகம் யோசித்தே செயலிழந்தவன் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னதும் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. படிக்க நன்றாக இருக்கும். அதை நம்பி நடித்தால் ஐம்பது நிமிடமும் மோவாயில் கைவைத்து நிற்பீர்கள்.

இனி பைத்தியம். இந்தக் கதை 1200 வாக்கில் சாக்சோ கிராமட்டிகஸ் என்ற டேனிஷ்காரர் லத்தீனில் எழுதியது. அதில் பையன் பெயர் ஆம்லெத். அங்கே கொலை ஊரறிந்தது, கொன்ற சித்தப்பா அடுத்து பையனையும் முடிப்பான். உயிர் தப்ப ஒரே வழி, ‘இவனால் என்ன ஆபத்து’ என்று நினைக்க வைப்பது. அழுக்கைப் பூசிக்கொண்டு உளறுகிறான். ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டார். பாம்பு கடித்தது என்றே ஊர் நம்புகிறது. இளவரசன் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவன் பைத்திய வேஷம் போட்ட பிறகுதான் கிளாடியஸ் ஒற்றர் வைக்கிறான். காப்பாற்ற வேண்டிய வேஷமே காட்டிக் கொடுக்கிறது. இந்த வேஷத்துக்குப் போதிய காரணமே இல்லை என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-இலேயே குறை சொன்னார். குறை சரி. ஆனால் நடிகனுக்கு அது ஒரு கொடை. பயன் இல்லாத வேஷத்தை ஒருவன் கழற்றாமல் வைத்திருக்கிறான் என்றால், அது அவனுக்கு வேறு எதற்கோ தேவைப்படுகிறது.

எனவே பேராசிரியரோடு சண்டை வேண்டாம், நண்பர்களோடும் வேண்டாம். ஸ்கிரிப்டை எடுத்து, ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் எதிரில் நிற்பது யார் என்று எழுதுங்கள். பொலோனியஸ் என்றால் முழு உளறல், அதிலும் ஒவ்வொரு உளறலும் கிழவரைக் குத்தும். ரோசன்கிராண்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்றால் பாதி உளறல். தெற்கிலிருந்து காற்று வீசினால் எனக்கு எல்லாம் தெளிவு என்று அவர்களிடமே சொல்கிறான். நம்பிக்கையான நண்பன் ஹொரேஷியோ என்றால் பெரும்பாலும் தெளிவு. இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆவி மறைந்த உடனே, வேஷம் போடப் போகிறேன் என்று அறிவிப்பதற்கு முன்பே, ஹொரேஷியோவிடம் அவன் பேச்சு நிலைகொள்ளாமல் சுழல்கிறது. அங்கே நடிக்க அவனுக்கு அவசியமே இல்லை. உங்கள் பேராசிரியர் சொல்வதில் உண்மை இருந்தால் அது அங்கே இருக்கிறது.

பொலோனியஸின் மகள், ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியாவோடு வரும் காட்சிதான் கஷ்டம். “உன் அப்பா எங்கே?” என்று திடீரென்று கேட்கிறான். “வீட்டில்” என்கிறாள். பொய். அப்பாவும் ராஜாவும் ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஹாம்லெட் பார்த்தானா என்று மூலத்தில் மேடைக் குறிப்பு இல்லை. பார்த்துவிட்டான் என்று வைத்தால் மிச்சம் முழுக்க மறைந்திருப்பவர்களுக்காக ஆடும் ஆட்டம். பார்க்கவில்லை என்று வைத்தால் அந்தக் குரூரம் முழுக்க அவளுக்கு. இரண்டையும் ஒத்திகையில் செய்து பாருங்கள். ஒஃபீலியாவாக நடிக்கும் பெண்ணிடமும் கேளுங்கள். பின்னால் நிஜமாகவே புத்தி பிசகி, பாட்டும் பூவுமாக வரப்போகிறவள் அவள்தான். அவள் பக்கத்தில் உங்கள் வேஷம் வேஷமாகத்தான் தெரியும்.

அம்மாவிடம், ‘எனக்குப் பைத்தியம் இல்லை, தந்திரம்’ என்கிறான். கடைசி அங்கத்தில், பொலோனியஸின் மகன் லேயர்ட்டிஸிடம், ‘தப்பு செய்தது நான் இல்லை, என் பைத்தியம்’ என்கிறான். ஏதோ ஒன்று பொய். எது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். பார்வையாளர்களுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டாம்.

நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் இதைத் தமிழில் ‘அமலாதித்யன்’ ஆக்கி, தானே அந்த வேடம் கட்டியவர். நூலகத்தில் கிடைத்தால், நெஞ்சோடு பேசும் இடங்களை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று வாய்விட்டுப் படியுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். கல்லறைக் காட்சியில் வரும் அரண்மனைக் கோமாளி யோரிக்கின் மண்டையோட்டுக்கு நீங்கள் பிளாஸ்டிக் பொம்மைதான் வாங்கப் போகிறீர்கள். இருபத்து மூன்று வருடம் மண்ணில் கிடந்தது என்று வெட்டியான் சொல்லும்போது அது உங்கள் கையில் பந்து போல ஆடும். உள்ளே கொஞ்சம் மணல் போட்டு ஒட்டி, நாளைய ஒத்திகைக்கே கொண்டு போங்கள்.