‘கிச்சன் ஃபீ’ 5 சதவீதம்: கலிஃபோர்னியாவில் வாங்கலாமா, கூடாதா?

கேள்வி: சன்னிவேலில் 40 பேர் உட்காரும் டிபன் கடை நடத்துகிறோம். அரிசி, எண்ணெய், கூலி எல்லாமே ஏறிவிட்டதால் பில்லில் 5 சதவீதம் ‘கிச்சன் ஃபீ’ சேர்க்கிறோம். மாநிலத்தில் அதைத் தடை செய்துவிட்டார்கள், வாங்கினால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 1,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அலர்ஜி பட்டியல் போடச் சொல்லி வேறு மசோதா வந்திருக்கிறதாம். மெனுவை மறுபடி அச்சடிக்க வேண்டுமா? வருடா வருடம் புது மசோதா வருகிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: ஃபீ வாங்கலாம். ஆனால் அதை எங்கே, எப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

உங்களுக்கு வந்த செய்தி முழுப் பொய் இல்லை, பழைய செய்தி. எஸ்.பி. 478 (எஸ்.பி. என்றால் செனட் மசோதா) என்ற சட்டம் 2023 அக்டோபரில் கையெழுத்தாகி, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வர இருந்தது. போஸ்டரில் ஒரு விலை, கல்லாவில் இன்னொரு விலை என்ற விளையாட்டை நிறுத்துவதுதான் அதன் நோக்கம். கட்டாயமாக வசூலிக்கும் எந்தக் கட்டணமும் முதலில் காட்டும் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும்; அரசு வரியும், பொருளை அனுப்பும் நியாயமான செலவும் மட்டும் விதிவிலக்கு. இது உணவகங்களுக்கும் பொருந்தும் என்று 2024 மே மாதம் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வக்கீல்) அலுவலகம் விளக்கம் கொடுத்தது. நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்காரர் அன்றைக்கே பலகையைக் கழற்றி எல்லா விலையையும் மாற்றிவிட்டார்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். 478-ஐக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான செனட்டர் பில் டாட், உணவகங்களுக்கு விலக்குத் தரும் எஸ்.பி. 1524-ஐயும் கொண்டுவந்தார். வழக்கமாக எதிரெதிரே நிற்கும் உணவக முதலாளிகள் சங்கமும் ‘யுனைட் ஹியர்’ ஊழியர் சங்கமும் சேர்ந்து அதை ஆதரித்தன. ஜூன் 29 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட்டார். பழைய சட்டம் அமலுக்கு வர இரண்டே நாள் பாக்கி! அவசர மசோதா என்பதால் உடனே நடைமுறைக்கு வந்தது. அப்படிக் கொண்டுவர இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

விலக்கு சும்மா கிடைக்கவில்லை. உணவின் விலை எழுதியிருக்கிற எல்லா இடத்திலும் அந்த ஃபீயும், அது எதற்காக என்பதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் என்றால் மெனு அட்டை மட்டுமல்ல. கவுன்ட்டருக்கு மேல் தொங்கும் பலகை, உங்கள் வெப்சைட், ‘மசால் தோசை 14 டாலர்’ என்று இன்ஸ்டாகிராமில் போடும் படம், எல்லாம்தான். மெனுவின் கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி போதாது. சுற்றியிருக்கும் எழுத்தைவிடப் பெரிதாகவோ, தடித்தோ, வேறு நிறத்திலோ தனியாகத் தெரிய வேண்டும்.

எதற்காக என்று எழுதுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘சமையல்கட்டு ஊழியர்களுக்காக’ என்று எழுதினால் பணம் அவர்களுக்குத்தான் போக வேண்டும். டிப்ஸ் என்று பெயர் வைத்தால் இன்னும் கறார்: கலிஃபோர்னியாவில் டிப்ஸ் ஊழியர்களுக்கே சொந்தம், முதலாளி ஒரு காசு தொடக்கூடாது. கட்டாய ஃபீக்கு விற்பனை வரியும் உண்டு. வாடிக்கையாளர் தாமாக வைக்கும் டிப்ஸுக்குத்தான் இல்லை. உங்கள் பில்லிங் மெஷினில் அந்த 5 சதவீதம் வரிக்கு முன்னால் சேர்கிறதா, பின்னால் சேர்கிறதா என்று இன்றே பாருங்கள்.

என்னைக் கேட்டால் ஃபீயையே எடுத்துவிடுவேன். 14 டாலர் தோசைக்கு 5 சதவீதம் 70 சென்ட். பலகையில் 14.70 என்று எழுதினால் யாரும் எழுந்து போகப் போவதில்லை. பில்லில் தனி வரியாகப் பார்த்தால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

அந்த 1,000 டாலர் கதை: பலர் சேர்ந்து போடும் வழக்கில் மொத்த நஷ்டஈடு 1,000 டாலருக்குக் குறையக்கூடாது என்று நுகர்வோர் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை யாரோ ‘ஆளுக்கு’ என்று படித்திருக்கிறார்கள். அதற்காக அலட்சியம் வேண்டாம், வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழலாம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதற்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். அப்படி ஒரு கடிதம் வந்தால் மளிகை ரசீதுகளோடு சேர்த்துச் செருகி வைக்காதீர்கள். அன்றே வக்கீலிடம் காட்டுங்கள்.

அலர்ஜி விஷயம், எஸ்.பி. 68. அது மசோதா நிலையைத் தாண்டி 2025 அக்டோபரில் சட்டமாகிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் அமல். ஆனால் 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்களுக்குத்தான். ஒற்றைக் கடைக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் சமையல்கட்டில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெய் எள், சட்னியில் வேர்க்கடலை, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்திருக்கிறீர்களா? கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ‘சாம்பாரில் கோதுமை இல்லை’ என்று பையன் சொல்லி அனுப்பினால் வம்பு.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். சட்டமன்றத்துக்கென்றே ‘லெஜ்இன்ஃபோ’ என்ற அரசு இணையதளம் இருக்கிறது. எண்ணைப் போட்டுத் தேடினால் மசோதாவின் ஒவ்வொரு வடிவமும், ஓட்டு விவரமும், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் வரும். ‘சாப்டர்ட்’ என்று இருந்தால்தான் அது சட்டம். ‘அமெண்டட்’ என்றிருந்தால் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள், அச்சகத்துக்குப் போகாதீர்கள். கையெழுத்தான பிறகும் பொதுவாக அடுத்த ஜனவரி 1 வரை அவகாசம் இருக்கும், அவசர மசோதாவைத் தவிர. எண் இல்லாமல் ‘புதுச் சட்டம்’ என்று மட்டும் வரும் ஃபார்வர்டை நான் படிப்பதே இல்லை.

ஃபீயை விடுவதில்லை என்று முடிவு செய்தால் இந்த வாரமே பலகை, மெனு, வெப்சைட், இன்ஸ்டாகிராம் நான்கையும் மாற்றுங்கள். மாற்றிய தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.