கருந்துளை ஆராயத் தொலைநோக்கி வேண்டியதில்லை

தம்பி, உயர்தரம் முடித்து, ஈர்ப்பு மிகுதியால் ஒளிகூடத் தப்பமுடியாத கருந்துளைகளின் கோட்பாடு படிக்க விரும்புகிறீர்கள். பெரிய தொலைநோக்கி இல்லாத நாட்டில் அது வீண் கனவு என்று வீட்டில் தடுக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். கோட்பாட்டுக்குத் தொலைநோக்கி எதற்கு? கருந்துளையும் கதிர்வீசும் என்று 1974இல் பௌதிகவியலாளர் ஸ்டீவன் ஹோக்கிங் சொன்னது கணக்குப் போட்டுத்தான். ஒரு பொருளின் ஈர்ப்பிலிருந்து விடுபடத் தேவையான வேகத்துக்கு நீங்கள் படித்த தப்பல் வேகச் சமன்பாட்டில் ஒளியின் வேகத்தைப் பிரதியிட்டுப் பாருங்கள்: சூரியனின் திணிவுள்ள கருந்துளைக்கு ஆரை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் வரும். விடை சரி, ஏன் சரி என்பதற்குத்தான் ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வேண்டும். ஆகவே திருநெல்வேலியில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பௌதிகத்தோடு கணிதத்தையும் விடாமல் எடுங்கள். கணிதம் தளர்ந்தால் இத்துறையில் காலூன்ற முடியாது. கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போக வேண்டிவரலாம். பெரும்பாலும் உதவித்தொகை உண்டு. அதன் பிறகும் நிரந்தரப் பதவிக்குமுன் சில வருடங்கள் தற்காலிக ஆய்வுப் பணிகளில் நாடு மாறி நாடு போக நேரும். இதை வீட்டாரிடம் மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள்.