பாயிண்ட் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள்

கேள்வி: என் மகள் சேலத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வியாபாரத்தில் நேர்மை, ஊர் நலன் இதையெல்லாம் சொல்லித்தரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். சனிக்கிழமைகளில் வகுப்பு, கடைசியில் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம். "நேர்மையை உட்காரவைத்துச் சொல்லித்தர முடியுமா, அதற்கு ஒரு சான்றிதழ் வேறா?" என்று குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயியான என் கணவர் கேட்கிறார். அனுப்பட்டுமா, வேண்டாமா?
- ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்டதைத் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்காவில் என்ரான் என்று ஒரு பெரிய கம்பெனி, 2000-ல் 64 பக்கத்துக்கு நெறிமுறைப் புத்தகம் போட்டு ஊழியர்களுக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டே கணக்கு மோசடி வெளியே வந்து திவாலானது. அதன் தலைமையில் இருந்தவர்களில் ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தவர். 2008 நிதி நெருக்கடிக்கு அப்புறம், 2009-ல் அதே ஹார்வர்டில் படிப்பு முடித்த மாணவர்கள் பலர், நேர்மையாக வேலை செய்வோம் என்று தாங்களாகவே உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நல்ல காரியம்தான். என்ன, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் எதிரே தராசும் இல்லை, லோடோடு காத்திருக்கிற ஆளும் இல்லை.

ஏமாற்றுவது தப்பு என்று இருபது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அது எந்த இடத்தில், எந்தக் கணத்தில் நடக்கிறது என்பதுதான் தெரியாது. அதைத் தாராளமாகச் சொல்லித்தரலாம், ஆனால் பிள்ளைகளை அந்த இடத்துக்கே கூட்டிப்போக வேண்டும்.

உங்கள் கிழங்கையே எடுத்துக்கொள்வோம். என் சித்தப்பா கெங்கவல்லிப் பக்கம் கிழங்கு போட்டவர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், லோடோடு சேகோ மில்லுக்கு (கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிற ஆலை) ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். ராத்திரி முழுக்க லாரி வரிசையில் நின்றோம். விடிந்ததும் ஒருவர் வந்தார், லோடின் மேலே இருந்த நல்ல கிழங்கையெல்லாம் விட்டுவிட்டு ஓரத்தில் கிடந்த நோஞ்சானாக நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வந்து ஒரு எண்ணைச் சொன்னார். சித்தப்பா எதுவும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும், லாரி வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், திருப்பி எங்கே கொண்டுபோவார்? பத்து மாதம் காத்து வளர்த்த பயிரின் விலை, அந்த ஒரு நிமிஷத்தில், அவர் பார்க்காத ஒரு அறைக்குள் முடிவாகிவிட்டது.

ஆத்தூர்க்காரரான உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று மாதிரி எடுத்துத் தராசில் பார்த்துச் சொல்கிற எண்தான் பாயிண்ட். சித்தப்பாவிடம் சொன்ன எண்ணும் அதுதான். ஒரு டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன் 8,400 ரூபாய். அதையே 25 என்று சொல்லிவிட்டால் 7,500. பத்து டன் லோடுக்கு 9,000 ரூபாய் போச்சு. எல்லா மில்லிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன், சரியாகப் பாயிண்ட் போடுகிற முதலாளிகளை எனக்குத் தெரியும். ஆனால் சரியாகப் போட்டார்களா என்று பார்க்க விவசாயிக்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதையும் பாருங்கள். மில்லிலிருந்து வெளியே வருகிற ஜவ்வரிசிக்கு 1981-லேயே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. அங்கே மாதிரி எடுத்துத் தரம் பார்க்கிறார்கள், வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை கேட்கிறார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாம் சந்தோஷமே. ஆனால் மில்லுக்குள்ளே போகிற கிழங்குக்கு இந்தப் பாதுகாப்பில் பாதிகூடக் கிடையாது. வணிக நெறி பற்றிப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் நம் மாவட்டத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

அதனால் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அறுவடைக் காலத்தில் நாலு சனிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு மாணவர்களை மில் வாசலுக்கு அனுப்புங்கள். மில்காரரிடம் முறையாக அனுமதி வாங்கி, விவசாயி கண்ணெதிரே மாதிரி எடுத்து, இன்னொரு தராசில் மாணவர்களே பாயிண்ட் பார்த்து, இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்கட்டும். நேர்மையான மில்லுக்கு இதனால் நல்ல பெயர்தான் வரும். ஊர் நலன் என்று சொல்கிறீர்களே, மில் கழிவுநீர் எந்த ஓடையில் இறங்குகிறது, அக்கம்பக்கத்துக் கிணறு எப்படி இருக்கிறது என்றும் நடந்துபோய்ப் பார்க்கட்டும். சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்கும் போகலாம். பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, சரக்கு வாங்கினவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது, அது எத்தனை பட்டறைக்குத் தெரியும்? பதிவு செய்ய உட்கார்ந்து உதவினாலே பெரிய விஷயம்.

ஏற்காடு முகாம் நடக்கட்டும், குளிரில் இரண்டு நாள் பிள்ளைகள் பேசிப் பழகுவது நல்லதுதான். ஆனால் மேலே போகும்போது கையில் அந்தச் சீட்டுகள் இருக்கட்டும். அதை வைத்துப் பேசட்டும்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். முதல் வகுப்பிலேயே எழுந்து, "எங்கப்பா லோடுக்கு யார் பாயிண்ட் பார்க்கிறார்கள் என்று நாம் போய்ப் பார்க்கலாமா சார்?" என்று கேட்கட்டும். சரி என்றால் உங்கள் வீட்டுக்காரரே கூடப் போய் வாசலில் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டட்டும், அவரைவிட அது தெரிந்தவர் அந்தத் திட்டத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பார்த்ததை அவள் எழுதி அனுப்பினால், இந்தப் பத்திரிகையில் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.