டிபி இல்லாத மைக்கோபாக்டீரியா வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

தம்பிக்கு எச்ஐவி, சளியில் கிருமி தெரிந்தது என்று டிபி மருந்து ஆரம்பித்தார்கள், இப்போது "டிபி இல்லை, வேறு மைக்கோபாக்டீரியா", அதாவது டிபி கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி என்கிறார்கள், குழந்தைகளை அவர் பக்கத்தில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) டிபி இல்லை என்று உறுதியாகிவிட்டால் தாராளமாக விடலாம். அதுவரை மட்டும் ஜன்னல் திறந்திருக்கட்டும், அவர் மாஸ்க் போடட்டும்.

நான் டாக்டர் இல்லை. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தவள், இங்கே சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் கொழுந்தனுக்கு இதேதான் நடந்தது, அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எச்ஐவி மாத்திரையை அவர் யாருக்கும் சொல்லாமல் ஒரு வருஷம் நிறுத்தியிருந்தார். மூன்று மாதம் விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ராத்திரி வியர்வையில் போர்வை பிழியும் அளவுக்கு நனைந்துவிடும், இரண்டு மணிக்கு எழுந்து மாற்றுவோம். சளியைச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது கிருமி தெரிந்தது, டிபி மருந்து கொடுத்தார்கள். மாமியார் பயந்துபோய் அவர் டம்ளரில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துத் தனியாக எடுத்து வைத்தார். அந்தப் பொட்டைப் பார்த்த நாளிலிருந்து மனுஷன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை, எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை.

அந்தச் சாயப் பரிசோதனை மைக்கோபாக்டீரியா இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்த இனம் என்று சொல்லாது. காசநோய்க் கிருமியும் சரி, மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் ஷவர் தலையிலும் சாதாரணமாக வாழ்கிற அதன் சொந்தக்காரர்களும் சரி, சாயத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஜீன்எக்ஸ்பர்ட் என்று சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அது தேடுவது டிபியை மட்டும். ஆக சாயத்தில் கிருமி இருக்கிறது, ஜீன்எக்ஸ்பர்ட்டில் இல்லை என்று வந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது, யாரும் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. டிபி மருந்து ஆரம்பித்ததை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த நாட்டில் எச்ஐவி உள்ளவருக்கு இருமலும் காய்ச்சலும் என்றால் முதலில் டிபியைத்தான் நினைக்க வேண்டும். ஆனால் கல்ச்சரும் கையோடு அனுப்பியிருக்க வேண்டும்.

கடைசியில் வேறொரு டாக்டர் ரத்தத்தையே கல்ச்சருக்கு அனுப்பினார், வாரக்கணக்கில் காத்திருந்தோம், டிபி இல்லை, அந்தச் சொந்தக்காரர்களில் ஒன்றான ஏவியம் வகை என்று வந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 31. பொதுவாக 50க்குக் கீழே போனவர்களுக்குத்தான் இது உடம்பு முழுக்கப் பரவும். நாமும் தினமும் இந்தக் கிருமி வாழ்கிற குழாய்த் தண்ணீரில்தான் குளிக்கிறோம், நம் உடம்பு அதைச் சமாளித்துவிடுகிறது. உங்கள் தம்பியிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுகிற ஒட்டுவாரொட்டி இல்லை என்று சொல்வது அதனால்தான்.

இதற்கு மருந்து கிளாரித்ரோமைசின், எத்தாம்புட்டால், கூடவே எச்ஐவி மாத்திரை. குறைந்தது ஒரு வருஷம் ஆகும், சிடி4 100க்கு மேல் ஏறி ஆறு மாதமாவது நிற்க வேண்டும். எத்தாம்புட்டால் கண்ணைப் பாதிக்கலாம், சிவப்பும் பச்சையும் குழம்பும், அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி தக்காளியையும் பச்சைமிளகாயையும் அவர் முன்னால் காட்டுவேன், "தெரியுது அண்ணி" என்பார். கிளினிக்கில் செய்யும் கண் பரிசோதனைக்கு அது ஈடில்லை, அதையும் விடாதீர்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. எச்ஐவி மாத்திரையை மறுபடி ஆரம்பித்த மூன்றாவது வாரம் கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சல் முன்னைவிட மோசமாக வந்தது. மருந்துதான் கெடுக்கிறது என்று வீடே நினைத்தது. தூங்கிக்கிடந்த எதிர்ப்பு சக்தி விழித்துக் கிருமியோடு சண்டை போடுவதால் அப்படி வரும் என்று டாக்டர் விளக்கி, வீக்கம் குறைய மருந்து கொடுத்தார். உங்கள் தம்பிக்கும் அப்படி வந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல், அன்றைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.