மலிவான ஊரில் வீடு, தூரத்து நகரத்தில் வேலை: வாங்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பெருநகரத்தில் வேலை பார்க்கிறோம். வாடகையே சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. ரயிலில் ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் ஒரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே இதே அளவு வீடு ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிவிட்டு தினமும் போய் வரலாம் என்று நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் ஒன்றேகால் மணி நேரம் ரயிலின் கணக்கு. உங்கள் கணக்கு வீட்டுக் கதவைப் பூட்டும்போது தொடங்கி, அலுவலகத்தில் உங்கள் இருக்கையில் போய் உட்காரும்போதுதான் முடிகிறது. நிலையத்துக்குப் போக 10 நிமிடம், வண்டிக்காக நிற்க 5 நிமிடம், இறங்கி அலுவலகம் போய்ச் சேர 15 நிமிடம் என்று வைத்தாலே ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். போக வர மூன்றரை மணி நேரம். ஆண்டுக்கு 240 நாள் வேலை என்றால் 840 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாக எடுத்துக்கொண்டால், ஆளுக்கு 105 வேலை நாட்கள் பயணத்திலேயே போகின்றன.

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டோடு சேர்த்து இந்தப் பயணத்தையும்தான் வாங்குகிறீர்கள், அதற்கும் ஒரு விலை போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

பணக் கணக்கையும் இப்படிச் சேர்த்தே போட வேண்டும். வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வீட்டுச் செலவு அடங்கினால் தாங்கும் என்பது பழைய அளவுகோல். சிகாகோவில் உள்ள ஓர் ஆய்வு மையம் அதை மாற்றி, வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது அளவுதான் பொருந்தும். காகிதத்தில் ஒரு பக்கம் இப்போதைய வாடகையையும் பயணச் செலவையும் எழுதுங்கள். மறுபக்கம் மாதத் தவணை, வீட்டு வரி, பராமரிப்பு, இருவருக்குமான பயணச் சீட்டு, நிலையத்தில் வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் வரட்டும். வீட்டு விலை பாதி என்றால் மாதச் செலவும் பாதியாகும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் அந்த அளவுக்குக் குறையாது.

அப்புறம், வேகத்தைவிட முக்கியமானது எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது. 10 நிமிடத்துக்கு ஒன்று வரும் தடத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் பெரிய இழப்பில்லை. மணிக்கு ஒன்றுதான் என்றால், மாலைக் கூட்டம் ஐந்து நிமிடம் நீண்டதற்கு ஒரு மணி நேரம் போச்சு. நானே ஏழு ஆண்டுகள் இப்படிப் போய் வந்தவள். என்னை அதிகம் களைக்க வைத்தது தூரம் அல்ல, மாலை நாலு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்ததுதான். கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதை விட்டால் வீடு திரும்ப வேறு வழி உண்டா என்று கேட்டு வையுங்கள். இருவரும் ஒரே தடத்தில் போகிறீர்கள் என்பதால், தடம் நின்றால் இருவரும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குழந்தை இருந்தால், அன்றைக்கு அதை யார் அழைத்து வருவார்கள் என்பதற்கு இப்போதே ஒரு பதில் வேண்டும்.

மலிவான வீடு கிடைத்த மகிழ்ச்சி பயணச் சோர்வை ஈடுகட்டிவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சுவிட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் அலோயிஸ் ஸ்டுட்ஸர், புருனோ ஃப்ரே இருவரும், ஜெர்மனி மக்களிடம் பல ஆண்டுகள் திரட்டிய தகவல்களை வைத்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட நேரம் பயணம் செய்கிறவர்கள் வாழ்க்கையில் குறைந்த நிறைவையே சொன்னார்கள். சம்பளமோ வீடோ அதை முழுதாக ஈடுகட்டவில்லை. பெரிய வரவேற்பறை சில மாதங்களில் பழகிவிடுகிறது. இன்று வண்டி நேரத்துக்கு வருமா என்ற கவலை பழகுவதே இல்லை. என் அனுபவமும் இதுதான்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஊரில் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கி, ஐந்து நாளும் அங்கிருந்தே வேலைக்குப் போய் வாருங்கள். விடுமுறை நாளில் வீடு பார்க்கப் போனால் எந்த ஊரும் அமைதியாகத்தான் தெரியும். உட்கார இடம் கிடைக்கிறதா என்பதை மட்டும் ஐந்து நாளும் குறித்து வையுங்கள். உட்கார்ந்து படித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ போகும் ஒரு மணி நேரமும் நெரிசலில் நின்றுகொண்டு போகும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல.

கேள்வி: புதிய விரைவுத் தடம் வரப்போகிறது, பயண நேரம் பாதியாகும், இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: இன்றைக்கு ஓடும் வண்டியை வைத்து முடிவெடுங்கள். இன்றைய பயணம் உங்களுக்குக் கட்டுப்படியானால் வாங்கலாம். புதிய தடம் வந்தால் அது கூடுதல் லாபம். தரகருக்குத் தெரிந்த செய்தி வீட்டை விற்பவருக்கும் தெரியும் என்பதால், வரப்போகும் தடத்துக்கான விலையில் ஒரு பங்கை இப்போதே உங்களிடம் வாங்கிவிடுவார். நிதி ஒதுக்கியாகிவிட்டதா, நிலம் எடுத்தார்களா, வேலை தொடங்கியதா என்று கேளுங்கள். இன்னொன்றையும் மறக்காமல் விசாரியுங்கள்: அந்த விரைவு வண்டி உங்கள் ஊரில் நிற்குமா? பல நிறுத்தங்களை விட்டுவிட்டுப் போவதால்தான் அது விரைவு வண்டி.

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி 1994-இல் எழுதிய கருத்து ஒன்று இங்கே பொருந்தும். மனிதர்கள் சராசரியாக நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுக்கிறார்கள்; வாகனம் வேகமானால் நேரம் மிச்சமாவதில்லை, தூரம்தான் கூடுகிறது என்றார் அவர். தடம் வந்தால் ஊரும் பெருகும், வண்டியில் கூட்டமும் பெருகும்.

கேள்வி: ஐந்து ஆண்டு இருந்துவிட்டு விற்றுவிடலாம் என்பது எங்கள் திட்டம். வாடகை கொடுப்பதைவிட இது லாபம்தானே?

பதில்: ஐந்து ஆண்டு குறைவு. 20 ஆண்டுக் கடன், 8 சதவீத வட்டி என்று வையுங்கள். முதல் தவணையில் ஏறத்தாழ 80 சதவீதம் வட்டிக்கே போகிறது. ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும், வாங்கிய கடனில் எட்டில் ஒரு பங்குதான் அடைந்திருக்கும். அதாவது வாங்கியது 100 என்றால் கட்டியது சுமார் 50, பாக்கி இன்னும் 87-க்கு மேல். இதற்கு மேல் பதிவுச் செலவு, தரகு, வீட்டைச் சரிசெய்த செலவு வேறு. விலை நன்றாக ஏறினால் மட்டுமே கையில் ஏதாவது நிற்கும்.

ஏறுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்களிடம் வாங்கப் போகிறவரும் உங்களைப் போலவே நகரத்துக்குப் போய் வருகிறவராகத்தான் இருப்பார். வட்டி ஏறினாலோ எரிபொருள் விலை ஏறினாலோ எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அடி. அமெரிக்காவில் 2008-ஐ ஒட்டி வீட்டு விலை சரிந்தபோது, பல பெருநகரங்களில் மையத்துக்கு அருகே இருந்த வீடுகளைவிடத் தொலைவுப் புறநகர் வீடுகளே அதிகம் விழுந்தன. அந்த ஆண்டுதான் கச்சா எண்ணெய் விலையும் உச்சத்துக்குப் போனது. பத்து ஆண்டு இருப்பீர்கள் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் அதே ஊரில் வாடகைக்குப் போங்கள். மலிவு வாடகையும் ஒரு சேமிப்புதான்.

கேள்வி: எனக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம். அப்படியானால் தூரம் பரவாயில்லைதானே?

பதில்: பெரிய வித்தியாசம்தான். முதல் கேள்வியில் போட்ட அதே மூன்றரை மணி நேரம், ஆண்டுக்கு 48 வாரம் என்று வைத்தால் 840-லிருந்து 336 மணி நேரமாகிவிடும். அந்த இரண்டு நாள் ஏற்பாடு உங்கள் பணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று நம்பித் தொலைவில் வீடு வாங்கிய பலரை, பின்னால் நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. மேலாளர் வாய்ச்சொல்லை நம்பி 20 ஆண்டுக் கடன் எடுக்காதீர்கள். ஐந்து நாளும் போக நேர்ந்தால் தாங்குமா என்று பார்த்து, தாங்கும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

கேள்வி: நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் சின்ன வீடு, வண்டி எடுத்தே போக வேண்டிய தூரத்தில் பெரிய வீடு. விலை ஒன்றுதான். எது?

பதில்: சின்ன வீடு. இன்னொரு வாகனம் வாங்கும் செலவு மிச்சம், விற்கும்போதும் சுலபம், நாளைக்குப் பிள்ளைகளும் பெரியவர்களும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வரலாம். தண்டவாளத்தை ஒட்டியே இருந்தால் மட்டும் ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பாருங்கள். சரக்கு வண்டிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் போகும்.