ஆங்கிலத்தில் ‘எ கார்லிக்’ என்று எழுதலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “ஆங்கிலத்தில் ஒரு சமையல் குறிப்பு எழுதி அனுப்பினேன். ‘ஆன் ஆனியன்’, ‘எ கேபேஜ்’ இரண்டையும் விட்டுவிட்டு, ‘எ கார்லிக்’, ‘எ ஸ்பினாச்’ என்பவற்றை மட்டும் அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். எல்லாமே காய்கறிதானே, ஏன் இந்த வேறுபாடு?”

திருத்தம் சரியானதே. ‘எ’, ‘ஆன்’ இரண்டும் எண்ணக்கூடிய பெயர்களுக்கு முன்னால், அதுவும் ஒருமையில் மட்டுமே வரும். வெங்காயத்தையும் முட்டைக்கோசையும் எண்ணுகிற ஆங்கிலம், பூண்டையும் பசலைக் கீரையையும் அரிசி, மாவு போல அளந்து பார்க்கும் பொருளாகவே கொள்கிறது. ஆகவே அவற்றுக்கு முன் ஓர் அளவுச் சொல் வேண்டும்: ‘எ க்ளோவ் ஆஃப் கார்லிக்’ என்றால் ஒரு பல், ‘எ பல்ப் ஆஃப் கார்லிக்’ என்றால் முழுப் பூண்டு, கீரைக்கு ‘எ பன்ச் ஆஃப் ஸ்பினாச்’. ‘ஒரு பல் பூண்டு’, ‘ஒரு கட்டுக் கீரை’ என்று நாமும் சொல்கிறோம். ஆனால் ‘ஒரு பூண்டு’ என்றாலும் தமிழ் பொறுத்துக்கொள்ளும், ஆங்கிலம் பொறுக்காது.

காயின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்துவிடவும் முடியாது. முழுதாக இருக்கும்வரை ‘எ கேபேஜ்’. அதையே நறுக்கிச் சூப்பில் போட்டபின் ‘சம் கேபேஜ்’. ‘ஆட் ஆன் ஆனியன்’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு முழு வெங்காயத்தைச் சேர்ப்பார். ‘ஆட் ஆனியன்’ என்றால் எவ்வளவு என்று தெரியாமல் விழிப்பார். சமையல் குறிப்பில் இதை இலக்கணப் பிழை என்பதைவிட அளவுப் பிழை என்றே சொல்வேன்.

நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ‘எ பீன்ஸ்’. தமிழில் பீன்ஸ் ஒருமைபோலப் புழங்கினாலும் ஆங்கிலத்தில் அது பன்மை. ஒன்றே ஒன்று என்றால் ‘எ பீன்’, மற்றபடி வெறும் ‘பீன்ஸ்’ அல்லது ‘சம் பீன்ஸ்’.

எண்ணக்கூடிய காய் என்று உறுதியான பிறகே ‘எ’யா ‘ஆன்’ஆ என்ற கேள்வி எழும். அதை முடிவு செய்வது காயின் பெயரன்று, அடுத்து வரும் சொல்லின் முதல் ஒலி. ‘ஆன் ஆனியன்’ சரி. இடையில் ஓர் அடைமொழி நுழைந்தால் ‘எ சாப்டு ஆனியன்’. ‘எ டொமேட்டோ’ சரி. பழுக்காததாயின் ‘ஆன் அன்ரைப் டொமேட்டோ’. ‘ஒரு’, ‘ஓர்’ பழகிய நமக்கு இது புதிதன்று. ஐயம் வந்தால் அச்சொல்லை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதிப் பாருங்கள், உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’. பாரம்பரிய ரகத் தக்காளியைக் குறிக்கும் ‘ஏர்லூம்’ என்ற சொல், எழுத்துக்கூட்டலில் ‘எச்’ என்ற மெய்யெழுத்தில் தொடங்கினாலும் ‘ஆன் ஏர்லூம் டொமேட்டோ’ ஆவது இதனால்தான்.