ஏர் பிஸ்டல் போட்டிக்கு எந்தத் துப்பாக்கி, எந்த சைட்? கையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கிளப் துப்பாக்கியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். எந்த பிராண்ட் நல்லது? ரெட் டாட் மாட்டலாமா? ட்ரிகரை இன்னும் லேசாக்கலாமா?

ரெட் டாட்டை, அதாவது சிவப்பு ஒளிப்புள்ளியால் குறி காட்டும் சைட்டை, முதலில் முடித்துவிடுவோம். கூடாது. மாவட்டப் போட்டி முதல் ஒலிம்பிக் வரை இந்த ஆட்டம் நடப்பது ஐ.எஸ்.எஸ்.எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி. அதில் திறந்த சைட் மட்டும்தான். முன்னால் ஒரு தகடு, பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவே. லென்ஸ், லேசர், ஒளிப்புள்ளி எதையும் துப்பாக்கியில் மாட்ட முடியாது. யூடியூபில் ரெட் டாட்டோடு சுடுபவர்கள் பெரும்பாலும் ஐ.பி.எஸ்.சி மாதிரி ஓடி ஓடிச் சுடும் போட்டிக்காரர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் அமெரிக்காவின் புல்ஸ்ஐ ஆட்டக்காரர்கள். அங்கே ரெட் டாட்டுக்கு இடம் உண்டு. உங்கள் மகள் விளையாடுவது வேறு ஆட்டம்.

மற்ற வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரர் பேச்சில் மயங்காமல் இருக்க உதவும். கேலிபர், அதாவது குழாயின் உள்விட்டம், 4.5 மி.மீ. சைட், கிரிப் (கைப்பிடி) எல்லாம் சேர்த்து எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. மொத்தத் துப்பாக்கியும் 420 × 200 × 50 மி.மீ பெட்டிக்குள் அடங்க வேண்டும். ட்ரிகரை இழுக்கத் தேவையான எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. 75 நிமிடத்தில் 60 ஷாட். 2018 முதல் பெண்களுக்கும் இதே 60தான், முன்பு 40 இருந்தது.

இப்போது பிராண்ட். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஸ்விட்சர்லாந்தின் மொரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், இத்தாலியின் பர்தினி. எந்த ரேஞ்சுக்குப் போனாலும் இந்த ஐந்தில் ஒன்றைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். எதை எடுத்தாலும் விலை லட்சத்தைத் தாண்டும். நல்ல பெல்லட்டை (ஈயக் குண்டு) போட்டு, வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டால் ஐந்துமே பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்துக்குள் ஒரே ஓட்டையாகப் போடும். அந்த வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஆக, துல்லியத்தை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க வழியில்லை. வித்தியாசம் தொடங்குவது வைஸிலிருந்து கழற்றி ஒரு மனிதக் கையில் கொடுக்கும்போதுதான்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 330 மி.மீ தூரம். டார்கெட் 10,000 மி.மீ தள்ளி இருக்கிறது, அதாவது சுமார் முப்பது மடங்கு. கை நடுங்கித் துப்பாக்கி அப்படியே நேராக 1 மி.மீ நகர்ந்தால் டார்கெட்டிலும் 1 மி.மீதான் விலகும். ஆனால் மணிக்கட்டு திரும்பி, பின் பள்ளத்துக்குள் முன் தகடு 1 மி.மீ விலகினால் டார்கெட்டில் 30 மி.மீ. டார்கெட்டின் நடுவிலுள்ள கருவட்டத்தின் மொத்த விட்டமே 59.5 மி.மீ என்பதால், அந்த ஒரு மில்லிமீட்டர் நடுவிலிருந்து கருப்பின் ஓரம் வரை கொண்டுபோய்விடும். பெல்லட் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பத்து கிடைக்க நடுவிலிருந்து 8 மி.மீ வரை விலகலாம். சைட்டில் அது கால் மில்லிமீட்டர் சொச்சம்.

இதனால்தான் கை நடுக்கத்தைப் பார்த்துப் பயப்படாதே, மணிக்கட்டைப் பூட்டு என்று கோச்சுகள் கத்துகிறார்கள். நான் புதிதாக வருகிறவர்களிடம் பிராண்டைப் பற்றிப் பேசாமல் கிரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

கிரிப் சோதனை எளிது. துப்பாக்கி காலியாக இருப்பதைக் கோச் முன்னால் சரிபார்த்துக்கொண்டு, சுடும் இடத்தில் வழக்கம்போல நின்று, கண்ணை மூடிக் கையை உயர்த்தச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறக்கட்டும். முன் தகடு பின் பள்ளத்தின் நடுவில் தானாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கியிருந்தால் கிரிப் அவள் மணிக்கட்டைத் திருப்புகிறது. மேலேயோ கீழேயோ இருந்தால் கிரிப்பின் சாய்வு ஒத்துவரவில்லை. இதைச் சக்தியால் திருத்திச் சுடலாம், முதல் இருபது ஷாட்டுக்கு. நாற்பதுக்கு மேல் களைத்த கை தன் இயல்புக்குப் போய்விடும்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அநேகமாக ‘எஸ்’ அளவு, சில கைகளுக்கு அதற்கும் சிறியது. பள்ளிச் சீருடையை வளரட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுப்போமே, அதை இங்கே செய்துவிடாதீர்கள். பெரிய கிரிப்பில் விரல் ட்ரிகரை எட்டாது. எட்ட வைப்பதற்காக உள்ளங்கையைச் சுற்றிப் பிடிப்பாள், அதோடு மணிக்கட்டும் திரும்பிவிடும். கை வளர்ந்தால் கிரிப்பை மட்டும் தனியாக மாற்றலாம், துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை.

சரியான அளவிலும் மரம் அப்படியே பொருந்தாது. இங்கேதான் மாற்றியமைக்கும் வேலை உண்மையில் நடக்கிறது. கைக்கும் மரத்துக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும் இடத்தில் மர மக்கு அல்லது எம்-சீல் வைத்து, காய்வதற்குள் கையை அழுத்தி அச்செடுப்பார்கள். உறுத்தும் இடத்தை அரத்தால் தேய்த்து உப்புத்தாள் போடுவார்கள். என் கிரிப்பில் இன்று எவ்வளவு மரம், எவ்வளவு எம்-சீல் என்று எனக்கே தெரியாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, கண்ணை மூடித் தூக்கினால் சைட் நடுவில் நிற்கிறது. ஒரேயடியாகச் செய்யாதீர்கள். கொஞ்சம் தேய்த்துவிட்டு ஒரு வாரம் சுட்டுப் பார்த்து மறுபடி தொடுங்கள். சுட்டுவிரலின் பக்கவாட்டு மட்டும் எங்கேயும் மரத்தில் படக்கூடாது. பட்டால் ட்ரிகரை இழுக்கும்போதெல்லாம் துப்பாக்கியையும் சேர்த்துத் தள்ளும். கையின் அடியைத் தாங்கும் கையடிப் பலகையை இறுக்கமாக ஏற்றுவதும் கூடாது, ஒரு தாள் நுழையும் அளவு தளர்வு இருக்கட்டும். விதியும் ஒன்று உண்டு. அந்தப் பலகை கிரிப்போடு 90 பாகைக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், கிரிப்பின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக்கூடாது.

அடுத்து சைட். ரெட் டாட் இல்லை என்பதால் இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். முன் தகட்டின் அகலம், பின் பள்ளத்தின் அகலம், பள்ளத்தின் ஆழம் என்ற மூன்றையும் இன்றைய போட்டித் துப்பாக்கிகளில் மாற்ற முடியும். சிலவற்றில் முன் தகட்டைத் திருப்பினாலே வேறு அகலம் வரும்.

கையை நீட்டினால் முன் தகடு கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டர். ஆகவே 4.5 மி.மீ தகடு, 10 மீட்டரில் உள்ள 45 மி.மீ பொருளின் அகலத்தில் தெரியும். 59.5 மி.மீ கருவட்டத்தைவிடக் கொஞ்சம் ஒல்லி. பெரும்பாலான கண்களுக்கு இது ஒத்துவரும். மிக ஒல்லியான தகடு துல்லியமாகத் தோன்றும், ஆனால் கண் அதை விட்டுவிட்டுக் கருவட்டத்துக்குத் தாவும். அது நடந்தால் ஷாட் போனது போனதுதான், ஏனென்றால் பார்வை கூர்மையாக நிற்க வேண்டிய இடம் முன் தகட்டின் மேல் விளிம்பு. டார்கெட் மங்கலாகவே இருக்கட்டும்.

பின் பள்ளத்தில் தகட்டின் இருபுறமும் தெரியும் வெள்ளைக் கீற்றுகள்தான் கண்ணுக்கு அளவுகோல். புதியவர்கள் அந்தக் கீற்றை மெல்லியதாக வைத்தால் துல்லியம் கூடும் என்று நம்பிப் பள்ளத்தை நெருக்குகிறார்கள். நடப்பது தலைகீழ். மெல்லிய கீற்றைச் சமமாக்கப் போராடி, எட்டுப் பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் கண் களைத்து, இல்லாத நேர்த்தியைக் காட்டத் தொடங்கிவிடும். தகட்டின் அகலத்தில் பாதி அளவு கீற்று ஒவ்வொரு பக்கமும் தெரிகிற மாதிரி தாராளமாகத் தொடங்குங்கள். இடைவெளி இரண்டும் சமமா என்று கண் தானாகவே சொல்லும். பிறகு சிறிது சிறிதாக நெருக்கலாம், நெருக்காமலும் இருக்கலாம். வெளிச்சம் குறைந்த ரேஞ்சில் இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டிவரும். டியூப் லைட்டில் தகடு பளபளத்தால் அதைக் கழற்றிக் கற்பூரப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைக்கலாம், பைசா செலவில்லை.

குறி எங்கே வைப்பது? கருவட்டத்தின் நடுவில் இல்லை. கறுப்புத் தகடு கறுப்புக்குள் போனால் விளிம்பு தொலைந்துவிடும். கருவட்டத்துக்குக் கீழே வெள்ளையில் தகட்டை நிறுத்தி, பெல்லட் மேலே நடுவில் படும்படி பின் சைட்டை ஏற்றி வைக்க வேண்டும். கருப்பின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்பது ஒரு பழக்கம், இன்னும் கீழே இறங்கி வெள்ளையின் நடுவில் நிற்பது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம். தொட்டுக்கொண்டு நின்றால் தொடுகிறதா இல்லையா என்பதிலேயே கண் மாட்டிக்கொள்கிறது.

கண்ணாடிக் கேள்வியும் இதோடு வரும். மகளுக்கு இந்த வயதில் ஒரு மீட்டர் தூரத்தில் பார்வையைக் குவிப்பது சிரமமில்லை. பவர் இருந்தால் அதற்கான சாதாரணக் கண்ணாடி போதும். நாற்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தூரப் பார்வைப் பவரோடு +0.50 அல்லது +0.75 சேர்த்துத் தனி லென்ஸ் தேவைப்படும். பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, ஒரு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கலப்பு அணியில் வெள்ளி வாங்கிய படம் பரவியதிலிருந்து, உபகரணமே வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர் கையில் இருந்தது முழுமையான போட்டித் துப்பாக்கி. அவர் விட்டது மற்றவர்கள் முகத்தில் மாட்டும் ஐரிஸையும் (கண் முன் வைக்கும் சிறு துளை) மறு கண்ணை மூடும் மறைப்பையும்தான். அவர் 2008 முதல் ஒலிம்பிக்கில் சுடுகிறார் என்பதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

ட்ரிகரை லேசாக்கலாமா என்றால், 500 கிராம் வரை. சோதனையில் குழாயை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். அந்த எடைக்கே ட்ரிகர் விடுபட்டுவிட்டால் தோல்வி. சரியாக 500-இல் வைக்காமல் 510, 520 வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கி எடுத்தும் சோதிப்பார்கள், அங்கே தோற்றால் அன்றைய ஸ்கோரே போய்விடும். எடையைவிட முக்கியம் அதைப் பங்கிடுவது. முதல் கட்டத்தில் 400 கிராம் அளவுக்கு ஏற்றிவிட்டு, பிறகு விரலுக்குத் தெளிவாகத் தெரியும் ஒரு தடை, அதன் மேல் மீதி நூற்றுச் சொச்சம். ட்ரிகரின் முன்பின் இடத்தையும் கோணத்தையும் மாற்றலாம். விரல் நுனிச் சதை படிந்து நேர் பின்னோக்கி இழுக்கும்படி வைத்துவிட்டு அதன்பின் அதை மறந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை ஸ்க்ரூ திருகுகிறவர்கள் எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள், அவர்கள் ஸ்கோர் நகர்வதில்லை.

மெக்கானிக்கல் ட்ரிகரா, எலக்ட்ரானிக்கா? இரண்டையும் விதி அனுமதிக்கிறது. எலக்ட்ரானிக்கின் தொடுதல் மிகச் சுத்தம், ஆனால் பேட்டரியும் சர்க்யூட்டும் உங்கள் கவலையாகிவிடும். பழுது எதற்கும் வரலாம். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி, சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் கரைந்தது. 575 எடுத்து 12-ஆம் இடம், இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் இதே ஆட்டத்தில் வெண்கலம் வாங்கினார். இதையெல்லாம் சேர்த்து நான் சொல்லும் பிராண்ட் பதில்: உங்கள் கிளப்பில் எந்தத் துப்பாக்கியைப் பிரித்துச் சீல் மாற்றத் தெரிந்தவர் இருக்கிறாரோ, அது. அதிலும் மெக்கானிக்கல் ட்ரிகர். மகள் ஒல்லியாக இருந்தால் அந்த மாடலிலேயே குட்டைக் குழாய் உள்ள சிறிய வடிவம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். முழு அளவுத் துப்பாக்கி ஒரு கிலோ பக்கம் வரும், முன்பாரம் தோளை வாட்டும்.

சட்டப்படி, கேலிபர் 4.5 மி.மீ-க்கு மேற்படாமல், ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் ஆறு ஜூலுக்குப் பக்கத்தில்தான். நாளை 25 மீட்டருக்குப் போய் .22 தோட்டாத் துப்பாக்கி எடுத்தால் உரிமம் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பணம் கட்டும் முன் மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் பேசிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் எனக்கு முழுச் சம்மதம், கிரிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருந்தால். ஆனால் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். 200 பார் அழுத்தம் ஏற்றும் அலுமினிய சிலிண்டருக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். காலாவதியானதோடு போட்டிக்குப் போனால் அது உங்கள் பொறுப்பு. விற்பவர் “நன்றாகத்தானே இருக்கிறது” என்பார். புது சிலிண்டரின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.